கீத்தோர்ன், ஆஃப்ஸ்லாய்ட்டைக் ஒருநாள் பஸ் டூர்: எடுக்கலாமா?

கேள்வி: ஜூன் மாதம் அப்பா அம்மாவோடு ஆம்ஸ்டர்டாம் வருகிறோம். கீத்தோர்ன் என்கிற கால்வாய் கிராமத்தையும் ஆஃப்ஸ்லாய்ட்டைக் கடல் அணையையும் ஒரே நாளில் காட்டும் பஸ் டூர் இருக்கிறது, கைடும் வருவாராம். அதை எடுக்கலாமா, ரயிலில் நாங்களே போய்வருவது நல்லதா?

அப்பா அம்மா கூட வருகிறார்கள் என்றால் டூரையே எடுங்கள். கீத்தோர்ன் மட்டும் போதும் என்று நினைத்தால் டூர் வேண்டாம், ரயிலில் போய் சாயங்காலம் வரை இருந்துவிட்டு வாருங்கள். என்னைக் கேட்டால் இந்த டூரில் கொடுத்த காசுக்குத் தகுந்தது அந்த அணைதான். விளம்பரத்தில் பூவும் பாலமும் கூரை வீடுமாகப் படம் போட்டு உங்களை இழுப்பார்கள், அணையை ஓரத்தில் ஒரு வரியில் சொல்லி முடிப்பார்கள், நேரத்தையும் கிட்டத்தட்ட அப்படியேதான் பிரித்துத் தருவார்கள். எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் கார் இல்லாமல் அந்த அணையை வசதியாகப் பார்க்க இதைவிட சுலபமான வழி இல்லை.

நான் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் சில நாட்கள் மியூசியம், காற்றாலை, சீஸ் கடை என்று ஓடிவிடும், அப்புறம் "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அப்போது கைகொடுப்பது இந்த டூர். இது ஐசல்மேர் ஏரியை முழுக்க ஒரு வட்டம் அடித்து வரும் பாதை, காரில் போனால் ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பாரா வெளியே பார்ப்பாரா?

காலையில் கிளம்பும் பஸ் அநேகமாக ஏ6 நெடுஞ்சாலையில் வடகிழக்கே போகும். அல்மேர், லேலிஸ்டாட், எம்மலோர்ட் எல்லாம் வரிசையாக வரும். இந்த இடத்தில்தான் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், நீங்கள் தூங்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே அளவெடுத்து வெட்டியது போல ஓடும் உருளைக்கிழங்கு வயல்கள் எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னால் கடலின் அடித்தரை. எம்மலோர்ட் இருக்கும் போல்டர், அதாவது சுற்றிக் கரை கட்டி நீரை இறைத்து எடுத்த நிலம், 1942இல் நீர் வற்றி நிலமானது, லேலிஸ்டாட் பக்கம் 1957இல், அல்மேர் பக்கம் 1968இல். உர்க் என்ற ஊர் அதற்கு முன் தனித் தீவு, இன்று காரிலேயே போகலாம். ஸ்கொக்லாண்ட் என்ற இன்னொரு தீவு இப்போது வயல்களுக்கு நடுவே ஒரு மேடாகக் கிடக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் வேறு சேர்த்துவிட்டார்கள். நல்ல கைடு என்றால் இதையெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டே வருவார். ஒருமுறை எங்களுக்கு வாய்த்தவர் ஆம்ஸ்டர்டாமில் எந்தக் கடையில் ஸ்ட்ரூப்வாஃபிள் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார், அதுவும் உபயோகமான தகவல்தான், இல்லை என்று சொல்லவில்லை.

கீத்தோர்னை வடக்கத்தி வெனிஸ் என்பார்கள். அந்தப் பட்டம் இரண்டு ஊருக்குமே அநியாயம். மூவாயிரம் பேர்கூட இல்லாத கிராமம் இது. பழைய பகுதியில் கார் போக ரோடு கிடையாது. ஒரு கால்வாய், பக்கத்தில் ஒரு நடைபாதை, தீவு தீவாகத் துண்டுபட்ட மனைகள், மனைக்கு ஒரு மரப்பாலம் என்று மொத்தம் 170க்கும் மேல் பாலங்கள். யாரும் அழகுக்காக வெட்டிய கால்வாய்கள் கிடையாது. இந்தப் பகுதி முழுக்க பீட் எனப்படும் கரிமண், அதாவது சதுப்பில் செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த கறுப்பு மண், காயவைத்தால் அடுப்பில் நன்றாக எரியும். நூற்றாண்டுக் கணக்கில் அதைத் தண்ணீருக்கு அடியிலிருந்து வாரி எடுத்து, நடுவே விட்டுவைத்த குறுகலான மண்வரப்புகளில் பரப்பிக் காயவைத்து, படகில் ஏற்றி விற்றார்கள். ஏற்றிப்போக வெட்டியவைதான் கால்வாய்கள். வைக்கோலும் மாடும்கூட படகில்தான் போனது, பாலங்கள் அப்படி மேலே தூக்கி வளைந்திருப்பது வைக்கோல் ஏற்றிய படகு அடியில் நுழைந்து போக வேண்டும் என்பதற்காக. கூரைக்கு வேயும் நாணல் பக்கத்திலுள்ள வேர்ரிபன்-வீடன் தேசியப் பூங்காச் சதுப்பில் இன்றும் அறுக்கிறார்கள். ஒரு காலத்தில் ஓடு வாங்க முடியாதவர்களின் கூரை, இன்று அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

டூரில் சுமார் ஒரு மணி நேரப் படகுச் சவாரி சேர்ந்தே வரும், பெரியவர்களுக்கு உட்கார்ந்தபடியே எல்லாம் பார்த்துவிடலாம். கால்வாயில் தொடங்கி போவன்வைட என்ற ஏரிக்குள் ஒரு வளையம் போட்டுத் திரும்புவார்கள். ஏரி என்றால் பயப்பட வேண்டாம், ஆழம் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். சத்தமே போடாத சின்ன பேட்டரி படகுகள் வாடகைக்குக் கிடைக்கும், லைசென்ஸ் தேவையில்லை, நேரமிருந்தால் நீங்களே ஓட்டலாம். ஆனால் கோடையில் சனி ஞாயிறு மத்தியானம் அந்தக் குறுகல் கால்வாயில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஒருவர் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் குறுக்கே நிற்க, பின்னால் பத்துப் படகு காத்திருக்க, தாம்பரம் சிக்னலே தேவலை என்று தோன்றும். முடிந்தால் வார நாளில் போங்கள். இன்னொன்று, அங்கே இருப்பவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். பாலம் அழகாக இருக்கிறதே என்று ஏறிப்போனால் யாரோ ஒருவர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

சாப்பாடு: சைவம் என்றால் சீஸ் போட்ட பேன்கேக், உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். தக்காளி சூப் கேட்கும்போது எச்சரிக்கையாக இருங்கள், இந்த ஊரில் அதில் குட்டிக் குட்டி இறைச்சி உருண்டை போடும் பழக்கம் உண்டு. நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டுதான் போவோம். கழிவறைக்குக் காசு கேட்பார்கள், கார்டோ சில்லறையோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கிராமத்துக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம், ஏன் ஒரே டூரில் கோர்க்கிறார்கள்? போகிற வழியில் இருக்கிறது என்பதுதான் டூர்காரர்களின் காரணமாக இருக்கும். உண்மையில் சம்பந்தம் ஆழமானது. இப்போது ஐசல்மேர் ஏரி இருக்கும் இடத்தில் அப்போது ஸாய்டர்ஸே என்ற, நிலத்துக்குள் புகுந்த கடல் இருந்தது. கரிமண்ணைப் பேராசையோடு தோண்டத் தோண்ட மண்வரப்புகள் மெலிந்துபோயின, புயலில் கடல் உள்ளே ஏறியபோது அவை அப்படியே கரைந்து பெரிய ஏரிகளாகிவிட்டன. கீத்தோர்னுக்குப் பக்கத்தில் பெலாக்க என்ற கிராமமே 1776 வெள்ளத்தோடு அழிந்தது, அது இருந்த இடத்தில் இன்று ஏரிதான். 1825இல் இன்னொரு பெருவெள்ளம். 1916 ஜனவரியில் ஸாய்டர்ஸே மறுபடி கரையை உடைத்துக்கொண்டு வந்தபோதுதான், கொர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் பல வருஷமாகக் கையில் வைத்திருந்த திட்டத்துக்கு உயிர் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது, 1918இல் சட்டம் போட்டார்கள். கடலின் வாயையே அடைத்துவிடுவது என்று முடிவு.

32 கிலோமீட்டர். 1927இல் தொடங்கி, 1932 மே 28 அன்று கடைசி இடைவெளியை மூடினார்கள். லேலி அதைப் பார்க்கவில்லை, 1929இலேயே இறந்துவிட்டார். அணையை எப்படிக் கட்டினார்கள் என்பதை கைடு சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வில்லோ மரக் குச்சிகளைப் பாய் போலப் பின்னி, அதன் மேல் கல்லை ஏற்றிக் கடலடியில் இறக்கினார்கள், நீரோட்டம் அடிமண்ணை அரித்துவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு மேல் பனியாறுகள் விட்டுப்போன கெட்டியான களிமண், நடுவே மணல், வெளிப்பக்கம் கல். இடைவெளி குறையக் குறைய அதன் வழியே ஓடும் நீரின் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆகவே கடைசி நாட்கள்தான் பெரும் போராட்டம். இன்னொரு ஆச்சரியம், கணக்குப் போட்டவர். கடலை அடைத்தால் அணைக்கு வெளியே ஏற்றநீர் எவ்வளவு உயரும் என்று கண்டுபிடிக்க ஒரு குழு வைத்தார்கள், அதன் தலைவர் 1902இல் இயற்பியல் நோபல் வாங்கிய லாரன்ட்ஸ். கல்லூரிப் புத்தகத்தில் லாரன்ட்ஸ் விசை என்று படித்தோமே, அவரேதான். எட்டு வருஷம் அலைக் கணக்கில் உட்கார்ந்தார். அணையின் ஒரு மதகுத் தொகுதிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

என் மாமனார் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கீத்தோர்னில் "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னவர், அணைக்கு வந்ததும் ஆளே மாறிவிட்டார். "ஷட்டர் எத்தனை மாப்பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு மதகுத் தொகுதிகளுக்கும் சேர்த்து 25 மதகுகள். ஐசல் ஆறு கொண்டுவந்து கொட்டும் நீரை, வெளியே கடல் தாழ்ந்திருக்கும் நேரம் பார்த்து ஷட்டரைத் தூக்கித் திறந்துவிடுவார்கள், கடல் ஏறினால் மூடிவிடுவார்கள். "மோட்டார் இல்லாமலா இத்தனை வருஷம் வெளியே விட்டான்?" என்று நம்பாமல் கைடை நிறுத்திக் கேட்டார். ஆமாம், இத்தனை காலமும் அப்படித்தான். கடல்மட்டம் உயர்ந்து வருவதால் அந்தத் தாழ்வு நேரம் இனிப் போதாது என்று இப்போதுதான் அணையின் டென் ஊவர் முனையில் பெரிய பம்புகள் வைக்கும் வேலை நடக்கிறது. அணையைப் பலப்படுத்தும் வேலை 2019இல் தொடங்கியது, அதோடு சேர்த்து மீன்கள் ஏரிக்கும் கடலுக்கும் வந்துபோக ஒரு செயற்கை ஆறும் கட்டுகிறார்கள். கடலை அடைத்ததில் பிழைப்பு போனது ஸாய்டர்ஸே மீனவர்களுக்கு, அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க 1925லேயே ஒரு சட்டம் வந்தது. சில வருஷத்தில் உப்புக் கடல் நன்னீர் ஏரியாக மாறிப்போனால் ஹெர்ரிங் மீன் எங்கே வரும்?

பஸ் நிற்கும் இடம் பெரும்பாலும் கடைசி இடைவெளியை மூடிய இடத்தில் டூடோக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த நினைவுக் கோபுரம். இங்கே ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ரோடு ஏரிப்பக்கம் தாழ்வாகப் போகிறது, அணையின் முதுகு கடலை மறைத்துவிடும், பஸ்ஸில் உட்கார்ந்தபடி பார்த்தால் வெறும் ஏரியும் ஒரு புல்மேடும்தான். நிறையப் பேர் "இதில் என்ன இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான். இறங்கியதும் முதல் வேலையாக மேலே ஏறுங்கள், காபி அப்புறம். மேலே நின்றால் ஒரு பக்கம் வாடன் கடல், மறுபக்கம் ஏரி, இரண்டின் நீர்மட்டமும் வேறு வேறாக இருப்பது சில நேரம் கண்ணுக்கே தெரியும். அங்கே கல் பதிக்கும் தொழிலாளி ஒருவர் குனிந்து வேலை செய்வது போல ஒரு சிலை இருக்கும், என் மாமனார் ராஜா ராணி சிலைகளைவிட அதைத்தான் அதிகப் படம் எடுத்தார்.

நமக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஒரு தொடர்பு உண்டு, எந்த கைடும் சொல்ல மாட்டார். பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் கப்பல்கள் இந்த ஸாய்டர்ஸே வழியாகத்தான் டெக்சல் தீவுக்குப் போய், காற்றுக்குக் காத்திருந்து, கிழக்கே கிளம்பின. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்கள் அணைமேல் நிற்கும்போது கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

தனியாகப் போவதானால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஸ்வோலே வழியாக ஸ்டேன்வைக் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலம் டூர் பஸ்கள் கிளம்பிய பிறகு கீத்தோர்ன் வேறு ஊராகிவிடும், அதற்காகத்தான் ரயிலில் போகச் சொன்னேன். ஆனால் அங்கிருந்து அணைக்குப் பொதுப் பேருந்தில் போவது ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை, பெற்றோரை வைத்துக்கொண்டு முயற்சிக்கவே வேண்டாம்.

டூர் புக் பண்ணும் முன் இரண்டைக் கேளுங்கள். அணையில் எத்தனை நிமிஷம் இறக்கிவிடுவீர்கள் (சில கம்பெனிகள் ஓட்டிக்கொண்டே போய் "அணை பார்த்தாச்சு" என்று கணக்கு முடிப்பதும் உண்டு), படகுக் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்ததா. கூடவே சாண்ஸ ஸ்கான்ஸ் காற்றாலைகளையும் சேர்த்து மூன்று இடம் என்று விற்கும் டூர் வேண்டாம், அது ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் பக்கம், தனியாக அரைநாளில் முடிந்துவிடும். ஜூன்தானே என்று சும்மா வராதீர்கள், அணைமேல் காற்று ஆளைத் தள்ளும். அம்மா புடவை கட்டுவார் என்றால் அதற்கு மேல் போட ஒரு நீள ஜாக்கெட்டும், காதை மூட ஒரு ஸ்கார்ஃபும் கட்டாயம்.