பொது மருத்துவ நிறுவனங்களின் திட்ட மேலாண்மைத் திறனை எப்படி மதிப்பிடுவது?

அரசு மருத்துவமனைகளுக்கும் பொதுச் சுகாதாரத் துறைகளுக்கும் திட்டங்களை நடத்தும் திறன் இருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் இத்தகைய திட்டப் பணிகளை அருகிலிருந்து பார்த்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். திட்டத்தை முன்னின்று நடத்திய அதிகாரி மாறுதலாகிப் போன பிறகு அந்த அலுவலகத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் மதிப்பீடு தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டன் அரசுத் துறைகளுக்காக உருவாக்கப்பட்ட பி3எம்3 என்ற முதிர்வு மாதிரி, அதாவது திட்டங்களை நடத்தும் திறன் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று படிப்படியாகக் காட்டும் அளவுகோல், இதற்கு நல்ல தொடக்கம். ஆளுகை, நிதி, இடர், வளங்கள், பயன்களை உறுதிசெய்தல் உள்ளிட்ட ஏழு கோணங்களில் நிறுவனத்தைப் பார்த்து, ஐந்து நிலைகளில் ஒன்றில் அதை வைக்கிறது; முதல் நிலை மிகத் தாழ்ந்தது, ஐந்தாம் நிலை மிக உயர்ந்தது. ஆனால், இதையே வினாத்தாளாக்கி அலுவலகங்களுக்கு அனுப்பினால், "இடர்ப் பதிவேடு (வரக்கூடிய சிக்கல்களின் பட்டியல்) உள்ளதா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "உள்ளது" என்றுதான் எழுதுவார்கள், அந்தப் பதிவேட்டைப் பார்த்து யாராவது ஒரு முடிவையாவது மாற்றினார்களா என்பது தெரியவே வராது.

ஆகவே கோப்புகளிலிருந்து தொடங்குவதே நல்லது. முடிந்த பணி ஒன்று, நடக்கும் பணி ஒன்று, முடங்கிய பணி ஒன்று என்று எடுத்துக்கொண்டு, முதல் நோயாளி பயன்பெற்ற நாளிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு சி.டி. ஸ்கேன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தைப் பெரும்பாலும் பொதுப்பணித்துறை கட்டுகிறது. இயந்திரத்தை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குகிறது. அதை இயக்கும் ஆட்களை 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு செய்கிறது. இயக்குவதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் வேண்டும். இவற்றில் எதற்கும் டீன் உத்தரவிட முடியாது, ஆனாலும் தாமதத்துக்கு நோயாளிகளிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. எனவே மருத்துவமனையை மட்டும் தனியே மதிப்பிட்டு மதிப்பெண் போடுவது நியாயமாகாது. அறை தயாரான நாள், இயந்திரம் இறங்கிய நாள், மின் இணைப்பு கிடைத்த நாள், டெக்னீஷியன் பணியில் சேர்ந்த நாள் ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், இடைவெளி எங்கே இருக்கிறது என்பதும், அதை முன்கூட்டியே கவனிக்கும் பொறுப்பு யாருக்காவது எழுத்தில் தரப்பட்டிருந்ததா என்பதும் தெரிந்துவிடும். என் பார்வையில் மதிப்பீட்டின் பாதிப் பயன் இந்த ஒரு தாளிலேயே இருக்கிறது.

பல பணிகளை ஒருங்கிணைக்கும் பெருந்திட்டங்களுக்கு வேறு கண் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் களப்பணியாளர், செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், மருந்துக் கிடங்கு அனைத்தும் ஒரே சீராக நகர வேண்டியிருக்கிறது. எத்தனை வீடுகளுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்று எண்ணுவது எளிது. அந்த வீடுகளில் இருப்பவர்களின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தனவா என்பதை மாதந்தோறும் பார்த்து, வராத இடத்தில் அணுகுமுறையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே மதிப்பீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2002இல் தொடங்கிய மாபெரும் கணினித் திட்டத்தைக் கலைப்பதாக 2011இல் அறிவிக்க நேர்ந்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய மருத்துவர்களைப் போதிய அளவு ஈடுபடுத்தாததும் அதன் காரணங்களில் ஒன்று. நம் ஊரிலும் வார்டுக்குள் சென்று செவிலியரிடமும் லேப் டெக்னீஷியனிடமும் பேசாமல் ஆய்வுக் கூட்டக் குறிப்புகளை மட்டும் படித்து எழுதும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கவும் வேண்டாம். நிதியில் நான்காம் நிலையும் பயன்களில் முதல் நிலையும் இருந்தால் அந்த நிறுவனம் முதல் நிலையில்தான் இருக்கிறது. முடிவுகளைப் பதவி உயர்வோடும் விளக்கம் கேட்கும் கடிதத்தோடும் இணைக்காமல், இன்னொரு மாவட்டத்தில் இதே வேலையைச் செய்பவர்களையே மதிப்பீட்டாளர்களாக அனுப்பினால், முடங்கிய பணியின் கோப்பையும் அலுவலகத்தில் இருப்பவர்கள் தயங்காமல் எடுத்துக் காட்டுவார்கள்.