அப்பா சொல்லும் கம்பெனியா, மைத்துனர் சொல்லும் கம்பெனியா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு 7 ஏக்கர் இருக்கிறது. 3 ஏக்கர் பழைய மாந்தோப்பு, 2 ஏக்கர் தக்காளி, மீதியில் ராகியும் நிலக்கடலையும். 20 வருடமாக ஓட்டிய டிராக்டரை மாற்றப்போகிறோம். அப்பா அதே கம்பெனிதான் வேண்டும் என்கிறார். மைத்துனரோ வேறு கம்பெனியைச் சொல்லி, "இது டீசலே குடிக்காது" என்கிறார். ஊரில் வாடகைக்கும் ஓட்டலாம் என்று எண்ணம். 45 எச்.பி.க்குள் எந்தக் கம்பெனி வாங்கலாம்?
- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள் இருக்கும் வித்தியாசம், இரண்டு கம்பெனிகளின் ஒரே ரக மாடல்களுக்கு நடுவே பல சமயம் இருப்பதில்லை. ஐச்சர் டிராக்டர் 2005 முதல், மாஸி ஃபெர்குசன் டிராக்டர் தயாரிக்கும் டாஃபே நிறுவனத்திடம் இருக்கிறது. ஸ்வராஜ் 2007 முதல் மஹிந்திரா வசம். டீக்கடையில் தங்கள் டிராக்டரின் நிறத்துக்காகச் சண்டை போடும் இருவர் ஒரே முதலாளிக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் கம்பெனி பெயரைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் மணிக்கணக்கு. 6 லட்சம் கடன், 10% வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,750 ரூபாய், வருடத்துக்கு 1,53,000. வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் சராசரி நாலரை லிட்டர், 420 ரூபாய். டிரைவருக்கு 150. ஆயில், டயர், ரொட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) பிளேடு தேய்மானம் 80. கையில் நிற்பது 350. தவணை மட்டும் அடைய வருடத்துக்கு ஏறக்குறைய 440 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். உங்கள் 7 ஏக்கருக்கு எல்லா உழவையும் சேர்த்தாலும் 80, 90 மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். மீதி 350 மணி நேர வாடகை வேலை உங்கள் ஊரில் நிச்சயமாகக் கிடைக்குமா? சீசனில் ஏற்கெனவே எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கிடைக்காது என்று தோன்றினால் 45 எச்.பி. வேண்டாம். சொந்த வேலைக்கு 28 எச்.பி.யும் நாலடி ரொட்டவேட்டரும் போதும். அல்லது உழவன் செயலி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

வாடகை வேலை உண்டு என்றால், உங்கள் பகுதியில் கேட்பது அஞ்சடி ரொட்டவேட்டரும் ஒன்பது கொத்துக் கலப்பையும்தான். இரண்டுக்கும் 40 முதல் 45 எச்.பி. சரி. 50-ஐத் தாண்டாதீர்கள். 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்து விலை ஏறிவிட்டது. எலெக்ட்ரானிக் எரிபொருள் அமைப்பைப் பார்க்கத் தெரிந்த ஆளும் தேவை.

பானெட்டில் எழுதியிருக்கும் எச்.பி. எஞ்சினுடையது. ரொட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. எச்.பி., அதாவது வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டில் கிடைக்கும் பலம். பொதுவாக அது எஞ்சின் எச்.பி.யில் 85 முதல் 90 சதவீதம். 42 என்று போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்று 36-ம் இன்னொன்று 38-ம் தரலாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் மாடல் வாரியாக அறிக்கை தருகிறது. டீலரிடம் அதைக் கேளுங்கள். "டீசலே குடிக்காது" என்ற பேச்சுக்கு அதில்தான் பதில் இருக்கிறது. ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் டீசல் என்று போட்டிருப்பார்கள். ஒன்றில் 250, மற்றொன்றில் 280 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 15 கிலோவாட் சுமையில் மணிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். 440 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 240 லிட்டர். வருடத்துக்கு 22,000 ரூபாய். ஷோரூமில் பேரம் பேசிக் குறைக்கும் 10,000-ஐவிட இது பெரிது.

பி.டி.ஓ. தண்டுக்கு வேண்டிய நிமிடத்துக்கு 540 சுற்று, எஞ்சினின் எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்றும் பாருங்கள். குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே 540 தரும் எகானமி பி.டி.ஓ. இருந்தால், மாம்பூவுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிக்கும்போது டீசல் மிச்சம். மருந்து பம்புக்கு முழு பலம் தேவையே இல்லை. கனமான ரொட்டவேட்டர் வேலையில் அதைப் போடாதீர்கள், எஞ்சின் திணறும்.

பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் 1,800 கிலோ என்று விற்பனையாள் பெருமையாகச் சொல்வார். அஞ்சடி ரொட்டவேட்டர் ஏறக்குறைய 400 கிலோதான். உங்களுக்கு 1,200, 1,300 போதும். எடை பின்னால் தொங்கும்போது முன் சக்கரம் மேட்டில் லேசாகிறதா என்பதுதான் முக்கியம். லேசானால் முன்பக்கம் மாட்டும் எடை, அதாவது முன் வெயிட் கட்டாயம்.

மாந்தோப்புக்கு வருவோம். பழைய தோப்பில் கிளை தாழ்ந்திருக்கும். மேலே நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் கிளையில் மோதி, பூவையும் பிஞ்சையும் சூட்டில் கருக்கிவிடும். கீழ்நோக்கிப் புகை விடும் சைலன்சர் உள்ள மாடலைக் கேளுங்கள். மேற்கூரை மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்துத் திரும்பும்போது எத்தனை மீட்டரில் திரும்புகிறது என்பதையும் தோப்பிலேயே பாருங்கள்.

கிளட்ச் டூயலாக இருக்கட்டும். சிங்கிள் கிளட்சில் வண்டியை நிறுத்த மிதித்தாலே ரொட்டவேட்டரும் நின்றுவிடும். மண்ணில் புதைந்த நிலையில் மறுபடி சுழல வைக்கும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிளேட் தேயும். டூயலில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும். சரளையும் கல்லும் கலந்த செம்மண்ணில் நேரடியாக ரொட்டவேட்டர் விடாதீர்கள். ஸ்பிரிங் கொத்துக் கலப்பை ஒரு சால் ஓட்டி, மேலே வந்த கல்லைப் பொறுக்கிய பிறகு விட்டால் பிளேடும் கியர்பாக்ஸும் தப்பும்.

ஆயிலில் மூழ்கியிருக்கும் ஆயில் பிரேக்கா, ஆயில் இல்லாத டிரை பிரேக்கா? சேறு, தண்ணீர், சரிவில் டிரெய்லர் என்றால் ஆயில் பிரேக்தான். ஆனால் அது கெட்டால் பின் ஹவுஸிங்கைத் திறக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் வண்டி நாள்கணக்கில் நிற்கும்.

இங்கேதான் உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு கம்பெனி உங்கள் ஊரில் 20 வருடம் ஓடியிருந்தால் அதற்கு மெக்கானிக்கும் பார்ட்ஸும் இருக்கும், பழைய வண்டி விலையும் இருக்கும். அதைச் சோதித்துப் பார்க்கலாம். காவேரிப்பட்டணத்திலும் கிருஷ்ணகிரியிலும் பார்ட்ஸ் கடைக்குப் போய், நீங்கள் பார்க்கும் இரண்டு மாடலுக்கும் கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட், டீசல் ஃபில்டர், டை ராட் எண்டு, செல்ஃப் மோட்டார் ஆகியவை இருப்பில் உண்டா, விலை என்ன என்று கேளுங்கள். பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொல்லும் மாடலை விட்டுவிடலாம். புத்னி அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

பிறகு டெமோ, உங்கள் நிலத்தில், நீங்கள் மாட்டப்போகும் ரொட்டவேட்டரோடு. டீசல் டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, ஒரு ஏக்கரை ஓட்டி, மறுபடி நிரப்பினால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே ஈரத்தில் ஓட்டுங்கள். ஒரு மழைக்குப் பிறகு ஓட்டினால் கணக்கே மாறும். ரொட்டவேட்டர் மண்ணில் இறங்கும்போது ஆர்.பி.எம். எவ்வளவு விழுகிறது, கரும்புகை விட்டு உடனே தெளிகிறதா, தொடர்ந்து விடுகிறதா என்று கவனியுங்கள். கடைசியில் கருவியைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். புது வண்டியில் அது கண்ணுக்குத் தெரியும்படி இறங்கக் கூடாது.

கொட்டேஷனில் 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியைக் கொடுத்தால் இவ்வளவு என்று பேசுவதற்கு முன், கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். முன் வெயிட், டிரெய்லர் மாட்டும் ஹிட்ச், டூல் பாக்ஸ் உள்ளடக்கமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். விவசாயப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்த வண்டியில் செங்கல், மணல் வாடகைக்கு ஏற்றினால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடக்கூடும். வாடகைக் கணக்கில் அந்த வருமானத்தைச் சேர்க்காதீர்கள்.