முன்சக்கரம் அகன்றுவிட்டது, பின் ஆக்சிலை வெட்டலாமா?

கேள்வி: இட்டமொழிப் பக்கம் தேரி மணலில் எங்களுக்கு முருங்கைத் தோட்டம். ஃபோர் வீல் பிக்கப்பில் போன வருஷம், சக்கரம் கூடுதலாக ஏறி இறங்க, முன்பக்கம் நீள ஆர்ம் வைத்த லாங் டிராவல் கிட் மாட்டினேன். முன்சக்கரம் பக்கத்துக்கு 3 அங்குலம் வெளியே வந்துவிட்டது. அந்தத் தடத்தில் பின்சக்கரம் விழாமல் புது மணலை அறுத்துக்கொண்டு வருகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. திருநெல்வேலியில் ஒரு லேத்துப் பட்டறையில் ஆக்சிலை வெட்டி நீட்டித் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா அண்ணாச்சி?

பதில்: தம்பி, அந்தப் பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உள்ளே போகிற ஷாஃப்ட் புதுசா, வெட்டி ஒட்டினதா? ‘ஸ்லீவ் போட்டு ஒட்டிருவோம், லாரிக்கே ஓடுது’ என்று, ஒட்டின இடத்தின் மேல் குழாய் மாட்டுவதைச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெளிக்கூடான ஹவுசிங்கை வெட்டி, நேர்கோடு பிசகாமல் நீட்டி ஒட்டலாம். அது பொறுமையான வேலை, ஆனால் முடியும். ஷாஃப்ட் அப்படி இல்லை. அது பதம் ஏற்றிய இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜீப்பைப் பார்க்கப் போனேன். ஒட்டின ஷாஃப்ட் முறிந்து, டிரம்மோடு சக்கரம் கழன்று வாழைக்குள் உருண்டு கிடந்தது. முறிந்த துண்டைத் துடைத்துப் பார்த்தால் வெல்டிங் அப்படியே இருக்கிறது. அதை ஒட்டி ஒரு விரல்கடை தள்ளி, நீலம் பாய்ந்த இடத்தில் கத்தரித்த மாதிரி போயிருக்கிறது. ‘வெல்டிங் விடலையே அண்ணாச்சி’ என்று ஒட்டியவர் என்னிடமே சொன்னார்!

லாரிக்கு ஓடுகிறதே என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு, அதுதான் ஆபத்து. லாரியின் பின்சக்கர நடுவில் துருத்திக்கொண்டு, சுற்றிலும் போல்ட் போட்ட மூடி ஒன்று தெரியும். அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்டை மட்டும் உருவிவிடலாம், சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். பாரத்தை ஹவுசிங் தாங்குகிறது, ஷாஃப்ட் சுற்றுவதற்கு மட்டும். அது ஃபுல் ஃப்ளோட்டிங். அதில் ஷாஃப்ட் முறிந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். உங்கள் பிக்கப்பில் பெரும்பாலும் அந்த மூடி இருக்காது. சக்கரமே ஷாஃப்டின் நுனியில்தான் தொங்குகிறது. முறிந்தால் சக்கரம் தனியே போகும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு லாரியின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில், முன்னும் பின்னும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும் என்ற கவலையை விடுங்கள். 2010-ல் வந்த பழைய மஹிந்திரா தார் ஜீப்பில் முன் டிராக், அதாவது இடது வலது சக்கரங்களின் நடுவுக்கு நடு அகலம், 1,445 மி.மீ., பின் டிராக் 1,346. கம்பெனியே 99 மி.மீ. வித்தியாசத்தோடு விற்றது, அது தேரியிலும் மலையிலும் ஓடவில்லையா?

உங்கள் வித்தியாசம் இரு பக்கமும் சேர்த்து 152 மி.மீ. இப்போதைய ரிம்மின் உள்பக்கம் ‘ஈ.டி.’ (ET) என்று ஒரு எண் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் போடும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்ற கணக்கு அது. அது 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மட்டும் ஈ.டி. 0 ரிம் போட்டால் சக்கரம் பக்கத்துக்கு 33 மி.மீ. வெளியே வரும். இரு பக்கமும் சேர்த்து 66 போக மிச்சம் 86, தார் ஜீப்பை விடக் குறைவு. அதோடு நிறுத்துங்கள். அதிலும் பேரிங்குக்குப் பாரம் கூடத்தான் செய்யும், வருஷம் ஒரு தடவை ஜாக்கியில் தூக்கி ஆட்டம் பாருங்கள். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் வளையமான ஸ்பேசர் போட்டாலும் இதே பாரம்தான், கூடவே கழல்வதற்கு இன்னொரு வரிசை நட். ஆன்லைனில் மலிவாக வரும் வார்ப்பு அலுமினிய ஸ்பேசரைத் தொடவே வேண்டாம்.

முழு அகலமும் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் ஹவுசிங்கை நீட்டி, அலாய் ஸ்டீலில் புது ஷாஃப்ட் கடைந்து, பதம் ஏற்றி வாங்க வேண்டும். பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும் நீளமாக வேண்டும். செலவு கையைக் கடிக்கும்.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்குக் கடிவாளம் போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ‘ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன்’ என்று வரும் புரோக்கரிடம் எந்தக் கட்டத்தில் ஏற்றுவாய் என்று கேளுங்கள். ஆர்.சி.யில் டிராக் அகலத்துக்குக் கட்டமே கிடையாது! ஒழுங்காகச் செய்தவனுக்கும் அதைக் காட்டிச் சான்று வாங்க வழியில்லை, ஒட்டுப் போட்டவனும் அதே ரோட்டில் போகிறான். விபத்து என்று வந்தால் மட்டும் இன்சூரன்ஸ்காரர் டேப்போடு வந்து அளப்பார்.

இத்தனைக்கும் முன்னால் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. மணலில் இறங்குமுன் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிப் பார்த்தீர்களா? கேள்வியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பாரம் ஏற்றாமல், மெதுவாக, ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்காமல் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பாதிச் சிரமம் அதிலேயே போய்விடும். கையில் ஒரு சின்ன கம்ப்ரெஸர் இருக்கட்டும், தார் ரோட்டில் ஏறுமுன் காற்றைத் திரும்ப ஏற்றிவிடுங்கள்.