ஒரே மாடல் ரௌட்டர்தானே, ஃபர்ம்வேர் ஏன் பொருந்துவதில்லை?

பெட்டியில் இருக்கும் மாடல் பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விற்பனைக்கு வந்த பிறகு சிப் கிடைக்காமல் போகும், அல்லது மலிவாக வேறொன்று கிடைக்கும். நிறுவனம் உள்ளே மாற்றிவிட்டு, பெயரைத் தொடாமல் வி1, வி2 என்று ஸ்டிக்கரில் மட்டும் பொடி எழுத்தில் போட்டுவிடும். இதுதான் ஹார்டுவேர் ரிவிஷன்.

ஃபர்ம்வேர் என்பது அந்தச் சிப்புக்கும் நினைவகத்துக்கும் அளவெடுத்து எழுதிய மென்பொருள். ஒரே பிரேம் போட்ட இரண்டு மூக்குக்கண்ணாடி மாதிரி, பவர் வேறு என்றால் மாட்டிக்கொண்டு என்ன பயன்?

லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டர் இதற்கு நல்ல உதாரணம். வி4 வரை லினக்ஸ் இயங்குதளம், ஃபர்ம்வேரைச் சேமிக்க 4 எம்பி ஃபிளாஷ், ஓடும்போது பயன்படுத்த 16 எம்பி ராம். 2005-இல் வந்த வி5-இல் ஃபிளாஷ், ராம் இரண்டும் பாதியாகி, லினக்ஸுக்குப் பதில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளம் வந்தது. வெளியே பார்த்தால் அதே நீலக் கறுப்புப் பெட்டி! பழைய ஃபர்ம்வேர் அதற்குள் நுழையவே இடமில்லை.

அதனால் டவுன்லோடுக்கு முன் ரௌட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். தவறானதை ஏற்றினால் சில ரௌட்டர்கள் மறுத்துவிடும், சில அப்படியே செத்துப்போகும்.

அப்புறம், வி2 ஃபர்ம்வேரை ஏற்றினால் வி1 ரௌட்டர் வி2 ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது, அந்த எண் பலகையைக் குறிப்பது, மென்பொருளை அல்ல.