டிம்மில் போனாலும் எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறதா? விளக்கை மாற்றாதீர்கள்

கேள்வி: நத்தம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள்ளும் மலையடிவாரப் பாதையிலும் போய்வர, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு பெரிய டயர் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். அதிலிருந்து இரவில் மதுரைக்கு வரும்போது, நான் டிம்மில் வந்தாலும் எதிரே வருகிறவர்கள் பிரைட் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் இடது விளக்கு இறங்குகிறது, வலது விளக்கு அசைவதே இல்லை. இரண்டு ஹெட்லைட்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. செட் போட்டால்தான் சரியாகும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். இருபத்தையாயிரம் ரூபாய் ஆகுமாம். போடலாமா?
- வாசகர், நத்தம் வட்டாரம்

பதில்: போட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, வலது விளக்கை ஏற்றி இறக்கும் மோட்டார் வேலை செய்யவில்லை. மற்றொன்று, வண்டி முன்பு நின்ற நிலையில் இப்போது நிற்கவில்லை. புது செட் போட்டால் இரண்டாவது கோளாறு அப்படியே இருக்கும், வெளிச்சம் மட்டும் கூடும். அதாவது எதிரே வருகிறவர் பாடு இன்னும் மோசமாகும்.

முதலில் மோட்டாரைப் பார்ப்போம். நம் ஊரில் இடது ஓரமாக ஓட்டுகிறோம், எதிர்வண்டி நம் வலது விளக்கை உரசிக்கொண்டுதான் போகிறது. அந்த விளக்கு மேலே தூக்கியபடி நின்றுவிட்டால் திட்டு விழத்தான் செய்யும். இடது விளக்கு ஒழுங்காக இறங்குகிறது என்றால் ஃபியூசும் டாஷ்போர்டு சுவிட்சும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். எனவே சுவிட்சை மாற்று, முழு ஒயரிங்கையும் மாற்று என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சாவியைத் திருப்பி, டிம் விளக்கைப் போட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். வீட்டில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து அந்தச் சக்கரத்தை 0-வுக்கும் 3-க்கும் மாற்றி மாற்றித் திருப்பட்டும். நீங்கள் வலது விளக்கின் முதுகுப்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். 'கிர்ர்' என்று சத்தம் வந்தும் வெளிச்சம் அசையவில்லை என்றால், மோட்டார் சுற்றுகிறது, ஆனால் அதன் முனையிலுள்ள உருண்டை, விளக்கின் உட்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பிலிருந்து கழன்றுவிட்டது. பல்பு மாற்றும்போது முரட்டுத்தனமாக இழுத்தாலோ, பாறையில் பம்பர் இடித்தாலோ இப்படி ஆகும். உருண்டையைத் திரும்பக் கிளிப்பில் அழுத்தி மாட்டினால் போதும்.

சத்தமே வரவில்லை என்றால் மோட்டாரில் ஒயரைச் செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். ஓடையில் இறங்கி ஏறும் வண்டிகளிலும், வாட்டர் சர்வீசில் விளக்கின் பின்பக்கம் பிரஷர் தண்ணீர் அடித்த வண்டிகளிலும் கப்ளரின் பின்கள் பச்சை பூத்திருக்கும். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் ஸ்பிரே அடித்துத் துடைத்து மாட்டுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால், இடது மோட்டாரின் கப்ளரையும் மோட்டாரையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி நேரம் போதும். மோட்டார்தான் போயிருக்கிறது என்றால் மோட்டாரை மட்டும் கேளுங்கள். பல வண்டிகளுக்கு அது தனியாகவே கிடைக்கிறது. 'தனியாக வராது சார், செட்டாகத்தான் வரும்' என்று சொல்கிற மெக்கானிக்கிடம் பார்ட் நம்பரைக் காட்டச் சொல்லுங்கள். முழு செட்டுக்குக் கடையிலிருந்து அவருக்குக் கமிஷன் உண்டு, மோட்டாருக்குக் கிடையாது.

இனி வண்டியின் நிலைக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது. டிம் வெளிச்சம் 10 மீட்டர் போவதற்குள் 10 சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். உங்கள் ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் இருக்கும். பின்பக்கம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஒரே ஒரு அங்குலம் தாழ்ந்தால் போதும், அந்த நூற்றுக்கு ஒன்று முழுவதும் தீர்ந்துபோய் வெளிச்சம் தரைக்கு இணையாகப் போகும். முன்பக்கம் மட்டும் ஓர் அங்குலம் தூக்கினாலும் அதே கதிதான். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் இது.

இரண்டு அங்குலம் உயர்த்திய கடைக்காரர் முன்னும் பின்னும் சமமாக உயர்த்தினாரா என்று டேப்பை வைத்து அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, தரையிலிருந்து ஒவ்வொரு மட்கார்டு வளைவின் உச்சிவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலும் பின்பக்கம் சற்றே தூக்கலாக இருக்கும், சுமைக்காக வைத்த இடம் அது. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று முன்பக்கத்தை மட்டும் தூக்கி அந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறார்கள். உயர்த்துகிற கடைகளில் ஹெட்லைட்டைத் திரும்ப அளந்து வைத்துக் கொடுப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வண்டியை இப்படி உயர்த்துவது, கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மாட்டக்கூடியது என்பதையும் அவர்கள் சொல்லமாட்டார்கள். உங்கள் தோப்பு வண்டி சித்திரை, வைகாசியில் மாங்காய் டிரே ஏற்றி ஏற்றிப் பின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வெறும் வண்டியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தால், ஸ்பிரிங்கைச் சரிசெய்யாமல் விளக்கைத் தொடாதீர்கள்.

அதன்பிறகு சுவர்ச் சோதனை. நெல் காயவைக்கும் சிமென்ட் களமோ கல்யாண மண்டபத்தின் வாசலோ, தரை மட்டமாகவும் எதிரே வெள்ளைச் சுவர் உள்ளதாகவும் ஓர் இடம் போதும். சுவரிலிருந்து விளக்குக் கண்ணாடி சரியாக 5 மீட்டர் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். வண்டியை நாலைந்து முறை அமுக்கிக் குலுக்கிவிட்டால் ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரும். டாஷ்போர்டுச் சக்கரம் 0-வில் இருக்க வேண்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு, அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். உங்கள் ஹெட்லைட்டின் மேல் அல்லது பானட்டின் உட்புறம் சின்ன விளக்குப் படத்துடன் 1.0% என்றோ 1.5% என்றோ அச்சிட்டிருக்கும். 1.5% என்றிருந்தால் 5-க்குப் பதில் 7.5 சென்டிமீட்டர். விளக்கின் பின்னால் உள்ள மேல்கீழ் ஸ்குரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, சுவரைப் பார்த்துப் பார்த்து வையுங்கள். வேகமாகத் திருகினால் உள்ளிருக்கும் நைலான் மரை வழுக்கிவிடும்.

இப்போது வழக்கமாக ஏற்றும் டிரேக்களை ஏற்றுங்கள். விளிம்பு மேலே போகும். அதைத் திரும்பக் கீழ்க்கோட்டுக்குக் கொண்டுவரும் எண் எதுவோ, அதுதான் சுமையோடு போகும்போது நீங்கள் வைக்க வேண்டிய எண். அந்தச் சக்கரம் வெளிச்சத்தைத் தாழ்த்த மட்டுமே இருக்கிறது, 0-தான் அதன் உச்சம். 3-இல் வைத்தால் தூரம் தெரியும் என்று நம்பி ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

கடைக்காரர் சொன்ன எல்.இ.டி. செட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஜீப்பின் வட்ட விளக்குக்கு என்று ஆன்லைனிலும் கடைகளிலும் விற்கும் செட்டுகளில் கணிசமானவை வலது ஓரமாக ஓட்டும் நாடுகளுக்காகச் செய்தவை. ஒழுங்கான டிம் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டமாகவும் மறுபக்கம் மேல்நோக்கிச் சரிந்தும் இருக்கும். சாலையோரம் நடப்பவரையும் மைல்கல்லையும் காட்டுவதற்காக ஓரத்துப் பக்கம் மட்டும் தூக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தத் தூக்கல் இடது பக்கம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செட்டில் அது வலது பக்கம், எதிர்வண்டி ஓட்டுநரின் முகத்துக்கு நேராக இருக்கும். எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் அது மாறாது. பணம் கொடுக்கும் முன் கடைச் சுவரில் விளக்கை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வலப்பக்கம் ஏறினால் வாங்காதீர்கள். விற்கிறவருக்கே இது தெரியாமல் இருப்பதும் உண்டு, தெரிந்தே விற்பதும் உண்டு.

செட்டை மாற்றாமல் பல்பை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றலாமே என்பார்கள். டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே பல்பாக வரும் எச்4 ஹாலஜன் பல்பில் டிம் இழைக்கு அடியில் சின்னத் தகரக் கிண்ணம் ஒன்று உண்டு, வெளிச்சம் மேலே சிதறாமல் வெட்டுவது அதுதான். விளக்கின் உட்கிண்ணம் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. அதற்குள் வேறு இடத்தில் ஒளிரும் எல்.இ.டி.யைச் செருகினால் விளிம்பு கலைந்துபோகும், சுவரில் கோடே தெரியாது. கோடு தெரியாத விளக்கை எப்படி மட்டம் பார்ப்பது? 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 வாட் பல்பு போடச் சொல்பவரையும் நம்பாதீர்கள், ஹோல்டர் உருகும்.

கைச்சக்கரம் இல்லாமல் தானாகவே மட்டம் பார்க்கும் வண்டிகளுக்கு மேலே சொன்ன ஸ்குரூ வேலை பொருந்தாது. உங்கள் வண்டி அந்த வகை அல்ல. ஆனாலும் உங்கள் ஊரில் புது வண்டி வாங்கி உயர்த்தும் நண்பர்கள் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அந்த வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிசுக்கும் இடையே விரல் நீளத்தில் ஒரு கம்பி இணைப்பு, அதன் முனையில் ஒரு சென்சார் இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் விளக்கைத் தாழ்த்தும். இப்போது வண்டியை உயர்த்துகிறீர்கள். சேசிசுக்கும் ஆர்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. சென்சாருக்கு நீங்கள் லிஃப்ட் கிட் போட்டது தெரியாது. பின்பக்கம் தூக்கிவிட்டது, மூக்கு கவிழ்ந்துவிட்டது என்று அது நினைக்கும். உடனே விளக்கை மேலே தூக்கும். ஒரு கோளாறும் இல்லாத வண்டி ஊரையே குருடாக்கும்.

இதற்குச் சில கடைகளில் கம்பியை வளைத்துவிடுகிறார்கள், அல்லது கட்டுக்கம்பியால் சென்சாரை ஓரிடத்தில் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் ஸ்குரூவைத் திருகிச் சரிக்கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் சுமை ஏறும்போது கணக்கு மறுபடி தவறும். சரியான வழி, உயர்த்திய அளவுக்கு ஏற்ற நீளமான இணைப்பைப் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேனர் வைத்துக் காலி வண்டியில் சென்சாருக்குப் புதுப் பூஜ்யம் பழக்குவது. ஸ்குரூவைத் தொடுவது அதற்குப் பிறகுதான். கல்லடி பட்டு அந்தக் கம்பி ஒடிந்திருக்கிறதா என்பதைக் குனிந்து பார்ப்பது எல்லாவற்றுக்கும் முன்னால்.

இவ்வளவையும் ஒரு வாகன உரிமையாளர் தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம். சொந்த வண்டி பதிவானால் 15 ஆண்டுக்கு யாரும் அதன் விளக்கைச் சோதிப்பதில்லை. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வரும் வண்டிகளுக்கோ, 'வண்டியை விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்' என்று சொல்ல வாசலிலேயே புரோக்கர் நிற்கிறார். இயந்திரம் வைத்துச் சோதிக்கும் நிலையங்கள் கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம் என்றார்கள், பிறகு 2024 அக்டோபர் என்று தள்ளினார்கள். இடையில் கண்கூசுதலுக்கு மருந்தாகப் போலீசார் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கறுப்பு ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் குறைக்கும், திசையை மாற்றாது. ஒட்டுகிற அதே இடத்தில் ஒரு சுவரும் ஒரு டேப்பும் வைத்து மட்டம் பார்த்து அனுப்பினால் எத்தனையோ இரவு விபத்துகளைத் தவிர்க்கலாம்.

எல்லாம் முடித்தபின் ஒரு கடைசிச் சோதனை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அந்த விளக்குக்கு வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசக்கூடாது என்கிறது. ஏறத்தாழ பைக் ஓட்டுகிறவரின் கண் இருக்கும் உயரம். வண்டியில் டிரேக்களை ஏற்றி, குறித்துவைத்த எண்ணில் சக்கரத்தை வைத்து, டிம்மைப் போட்டுவிட்டு நீங்களே அந்த இடத்தில் போய், கண் அந்த உயரத்துக்கு வரும்படி சற்றுக் குனிந்து பாருங்கள். கூசினால் வலது ஸ்குரூவை இன்னொரு கால் சுற்று தாழ்த்திவிட்டு மறுபடி போய் நில்லுங்கள்.