கணினிக்கு நம் கணிதக் குறியீடு ஏன் குழப்பமாக இருக்கிறது?

நமக்குச் சட்டென்று விளங்கும் கணிதக் குறியீட்டைக் கணினி ஏன் பிழையாக வாசிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறியீட்டின் பொருளில் பாதி தாளில் இல்லை, வாசிப்பவரிடம் இருக்கிறது. (3, 5) என்று எழுதிப் பாருங்கள். ஆள்கூற்றுத் தளத்தில் அது ஒரு புள்ளி. இன்னோர் அலகில் திறந்த ஆயிடை, அதாவது 3க்கும் 5க்கும் இடைப்பட்ட எண்கள் எல்லாம். எண் கோட்பாட்டில் அதையே பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.) என எடுத்து விடை 1 என்பார்கள். வெள்ளவத்தையில் இணைந்த கணித வகுப்புக்குப் போகும் பிள்ளை இதில் தடுமாறாது. அன்றைக்கு எந்தப் பாடம் என்று அதற்குத் தெரியும். கணினிக்கு அதை யாரும் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால் மிக மோசமானது சைன். சைன்² என்றால் சைனின் வர்க்கம். அதே இடத்தில் −1 போட்டால் 1ஐச் சைனால் வகுப்பது என்றுதானே வர வேண்டும்? இல்லை, அது சைன் பெறுமானத்திலிருந்து கோணத்தைத் திருப்பித் தரும் நேர்மாறு சார்பு!

அப்புறம் 6÷2(1+2). இடமிருந்து வலமாகப் போனால் 9, ஒட்டி எழுதிய பெருக்கலை முதலில் செய்தால் 1. கல்குலேட்டர்களே மொடலுக்கு மொடல் வேறு விடை காட்டுகின்றன.

சரி, தீர்வு? கணித ஆவணங்களை அச்சுக்கோக்கப் பயன்படும் லாடெக் பெரும்பாலும் தோற்றத்தைத்தான் பதிகிறது. 1998இல் வந்த மேத்எம்எல் என்ற, இணையப் பக்கங்களில் கணிதம் எழுதுவதற்கான குறிமொழி, தோற்றத்துக்கு ஒரு வடிவம், பொருளுக்கு இன்னொன்று என்று பிரித்தது. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யுனிகோடில் கண்ணுக்குத் தெரியாத பெருக்கல் குறிகூட உண்டு. ஆனால் கையால் தட்டுகிறவர் யார் அதைப் போடப் போகிறார்? அதனால் நீங்கள் நிரல் எழுதுவதானால், அது ஊகித்ததை முழு அடைப்புக்குறிகளோடு திருப்பிக் காட்டி, சரிதானா என்று பயனரிடமே கேட்க வையுங்கள்.