சாப்பாட்டு மேசை: அது ரத்தம் இல்லீங்க!

(சொகுசுக் கப்பலிலும் வளைகுடா ஓட்டல்களிலும் டைனிங் ஹால் கேப்டனாக இருந்துவிட்டு, இப்போது அன்னூர்ப் பக்கம் தென்னந்தோப்போடு இருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஜெர்மனியிலிருந்து பையர் (எங்களிடம் துணி வாங்குகிறவர்கள்) வருகிறார்கள். கோவையில் ஒரு ஸ்டார் ஓட்டலுக்கு ஸ்டேக் (தடிமனாக வெட்டிச் சுட்ட மாட்டுக்கறி) சாப்பிடக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் முதலாளி. போன தடவை ஒருத்தர் கறியை வெட்டியதும் தட்டில் ரத்தம் ஓடியது. அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இந்தத் தடவை எப்படிச் சமாளிப்பது?

முதலில் அந்த ரத்தத்தை முடித்துவிடுவோம். அது ரத்தம் இல்லை கண்ணு. அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடும். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது. கறியில் இருக்கும் தண்ணீரோடு சேர்ந்து அதுதான் சிவப்பாக வழிகிறது. சூடு ஏற ஏறப் பழுப்பாகிவிடும்.

ஆர்டர் எடுக்கிறவர் "எப்படி வேணும்?" என்று கேட்பது இந்தச் சூட்டைத்தான். கறியின் நடுப்பகுதி 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ரேர் (லேசான வேக்காடு), 55 வாக்கில் மீடியம் ரேர், 60ஐத் தாண்டினால் மீடியம், 70க்கு மேல் போனால் வெல் டன் (முழு வேக்காடு). நல்ல கிச்சனில் ஊசி போன்ற தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எடுத்ததும் சில நிமிடம் அப்படியே ஆற வைத்தால் சாறு கறிக்குள்ளேயே நிற்கும். தட்டில் குளம் கட்டியிருந்தால் அவசரப்பட்டுப் பரிமாறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்காதா என்று அடுத்து கேட்பீர்கள். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். சட்டியில் பட்டதுமே அது செத்துவிடும். கொத்துக்கறியில் வெளிப்பக்கம் உள்ளே போய்விடுகிறது, அதனால் பர்கரை மட்டும் நடுவரை 71 டிகிரிக்கு வேக வைத்தே ஆகவேண்டும். கர்ப்பிணி, சின்னக் குழந்தை, வயசானவர்கள் யாராவது மேசையில் இருந்தால் அவர்களுக்கு வெல் டன்தான் சொல்லவேண்டும். கோழியில் இந்த விளையாட்டே கிடையாது.

பையருக்காக நீங்கள் ஆர்டர் சொல்லாதீர்கள். எந்தப் பதம் என்பது அவரவர் விஷயம். ஒன்று மட்டும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்: இந்தியாவில் ஸ்டேக் என்று வருவது பெரும்பாலும் எருமைக்கறி. கொழுப்பு குறைவு, அதனால் ரொம்ப வேக வைத்தால் நார் நாராகிவிடும். மிருதுவாக வேண்டுமென்றால் அண்டர்கட் (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் கறி), ருசி வேண்டுமென்றால் கொழுப்பு ஓடிய ரிப் ஐ (விலாப் பக்கத்துக் கறி). மெனுவில் போட்டிருக்கும் கிராம் கணக்கு பச்சைக் கறிக்கு. தட்டுக்கு வரும்போது குறைந்துதான் இருக்கும், சண்டைக்குப் போகவேண்டாம்.

உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் சாப்பிடுங்கள். மீன் போதும் என்றால் மீன். உங்கள் தட்டைப் பார்த்து எந்த பையரும் ஆர்டரைக் கேன்சல் பண்ணப்போவதில்லை. ஆனால் இறால், நண்டு ஒத்துக்கொள்ளுமா என்று அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்த அலர்ஜி வெளிநாட்டுக்காரர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பில். கால் மணி நேரம் முன்னாடியே போய், "பில் என்கிட்டத்தான் வரணும்" என்று கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். மேசையில் அட்டையைப் பிடித்து இழுக்கும் காட்சி வேண்டாம்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு அம்மா: எங்கள் வீட்டில் மாட்டுக்கறி ஆகாதுங்க. பையன் பிறந்தநாளுக்கு ஸ்டேக் கடைக்குத்தான் போகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அங்கே எங்களுக்கு என்ன இருக்கும்?

நிறைய இருக்குங்க அம்மிணி. லேம்ப் சாப்ஸ் (எலும்போடு வெட்டிய ஆட்டுக்கறித் துண்டு) இருக்கும். ஆஸ்திரேலியா ஆட்டுக்கறிக்கு இருந்த 30 சதவீத இறக்குமதி வரி 2022 டிசம்பர் கடைசியில் இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் அமலானதும் போய்விட்டது. பெரிய ஓட்டல்களில் அதைப் பார்க்கலாம். நம்ம மேச்சேரி ஆட்டுக்கறி தின்று வளர்ந்த நாக்குக்கு அது கொழகொழவென்றுதான் தெரியும், பையனுக்குப் பிடிக்கும். சூரை மீனைத் தடிமனாக வெட்டி ஸ்டேக் மாதிரியே சுடுவார்கள். கொடுவா, இறால் இல்லாத கடல் உணவு மெனு கிடையாது.

கவனிக்கவேண்டியது தட்டின் ஓரத்தில் இருப்பதை. ஆட்டுக்கறிக்கோ கோழிக்கோ மேலே ஊற்றும் கருப்புச் சாறு பல இடங்களில் மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுப்பது. அதைக் கேளுங்கள். ஒரே கிரில்லிலா எல்லாம் சுடுகிறீர்கள் என்று கேளுங்கள். தனிச் சட்டியில் செய்யச் சொன்னால் செய்வார்கள். கூட வரும் மாமியார் சைவம் என்றால் சீசர் சாலட் வேண்டாம், அந்தக் குழம்பில் நெத்திலி மாதிரி ஒரு மீனை அரைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நம்ம ஆட்கள் எப்படி நிற்கிறார்கள்? "தொடையில போடுங்க, நெஞ்செலும்பு நாலு துண்டு, அந்தச் சவ்வை எடுத்துருங்க" என்று தராசு முள் நிற்கிறவரை வாய் மூடாது. அதே வாய் தோல் அட்டை போட்ட மெனுவைப் பார்த்ததும் ஏன் கட்டிக்கொள்கிறதோ தெரியவில்லை. விலை பத்து மடங்கு என்றால் கேள்வியும் பத்து மடங்கு கேட்கலாம். கேட்கிற வாடிக்கையாளரைத்தான் எங்கள் தொழிலில் மதிப்போம், என்னை நம்புங்கள்.

மெனுவில் ஜப்பான் வாகியூ (அந்த ஊர் மாட்டுக்கறி) என்று எங்காவது கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள். மாட்டுக்கறி இறக்குமதிக்கே நம் நாட்டில் தடை இருக்கும்போது அது எந்த வழியாக வந்தது என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: சிங்கி இறாலுக்கு விலை போடாமல் "மார்க்கெட் விலை" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கடலே இல்லாத ஊரில் அது ஃப்ரெஷ்ஷாக இருக்குமா?

கடல் நமக்கு அவ்வளவு தூரம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சிப் பக்கத்து மீனும், ராமேசுவரம், தூத்துக்குடி மீனும் விடிவதற்குள் கோவை உக்கடம் மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிறது. மாசம்தான் முக்கியம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. கேரளத்தில் ஜூன் 10 வாக்கில் தொடங்கி ஜூலை 31 வரை. ஜூன் நடுவில் சில நாள் இரண்டு கரையிலும் விசைப்படகு கட்டித்தான் கிடக்கும். அப்போது வருவது நாட்டுப்படகு மீன், இல்லாவிட்டால் ஐஸ் பெட்டி. உறைய வைத்த இறால் மட்டமில்லை, பிடித்த உடனே உறைய வைத்தது நாலு நாள் ஐஸில் கிடந்ததைவிட மேல். "இன்றைக்கு எது புதுசா வந்திருக்கு?" என்று கேட்டு அதையே சொல்லுங்கள்.

சிங்கிக்கு இரண்டு கேள்வி. நூறு கிராம் என்ன விலை? எடை ஓட்டோடா, ஓடு இல்லாமலா? நம் கடல் சிங்கிக்கு அமெரிக்க லாப்ஸ்டர் மாதிரி பெரிய கொடுக்கு கிடையாது, கறியெல்லாம் வாலில்தான். ஓட்டோடு நிறுத்தால் பாதிக்குப் பாதிகூடத் தேறாது. சமைப்பதற்கு முன் மேசைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, மொத்த விலையை வாயால் சொல்ல வையுங்கள். வாயில் வைத்ததும் அமோனியா நெடி அடித்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வெட்கப்படவேண்டியது நீங்கள் இல்லை.

ஈரோட்டிலிருந்து: பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னால் "எங்கள் ரூல்" என்கிறார் மேனேஜர்.

அவர் ரூல் அவரோடு. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதியே இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆகவேண்டும்: சாதாரண ரெஸ்டாரண்டில் 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல் என்றால் 18. பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்திருந்தால் அவன் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள்.

கரூரிலிருந்து ஒரு பெரியவர்: டல்லாஸில் மகள் வீட்டுக்குப் போகிறோம். மாப்பிள்ளை ஸ்டேக் ஹவுஸுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். எனக்குக் கத்தி, முள்கரண்டி பழக்கமில்லை. மானம் போய்விடுமோ?

போகாதுங்க ஐயா. வலது கையில் கத்தி, இடது கையில் முள்கரண்டி. கறியின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டாக வெட்டுங்கள். மொத்தத்தையும் முன்னாடியே வெட்டி வைத்தால் ஆறிப்போகும். அங்கே அளவு அவுன்ஸில் இருக்கும். 16 அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட அரைக் கிலோ, நீங்களும் அம்மாவும் ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். உருளைக்கிழங்கு, கீரையெல்லாம் பல இடங்களில் தனி விலை. மிஞ்சினால் பெட்டியில் கட்டிக் கொடுப்பார்கள், தயங்காமல் கேளுங்கள். பில்லுக்கு மேல் 18, 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். அதைப் பார்த்து மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மிளகாய் சாஸ் கேட்டால் தருவார்கள், ஊறுகாய் மட்டும் இங்கிருந்து எடுத்துப்போங்கள்.